தண்ணிப் போத்தில் நிரம்பினபடி வீட்டை வருதா?

கேள்வி: என்ர மகள் 9ஆம் வகுப்பு. நல்லாப் படிக்கிற பிள்ளை, இப்ப கொஞ்ச மாதமா பள்ளிக்கூடத்தால வந்தோண்ண தலையிடி எண்டு படுத்திடுறாள். போன மாதம் காலமைப் பிரார்த்தனையில மயங்கியும் விழுந்திட்டாள். கண் காட்டினம், ஒரு பிழையும் இல்லையாம். சொந்தக்காரர் படிப்புக் கள்ளம் எண்டுகினம். என்ன செய்யலாம்?
- ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: அம்மா, கள்ளம் எண்ட கதையை முதல்ல விடுங்கோ, மயங்கி விழுந்த பிள்ளைக்குச் சொல்லுற சொல்லில்லை அது. இண்டைக்கு அவள் வந்தோண்ண பையில இருக்கிற தண்ணிப் போத்திலைத் தூக்கிப் பாருங்கோ. காலமை நிரப்பிக் குடுத்தது முக்கால்வாசி அப்பிடியே கிடந்தா பாதிக் காரணம் பிடிபட்டுடும்.

எங்கட பக்கம் கன பொம்பிளைப் பிள்ளையள் ஏழரையில இருந்து ஒண்டரை வரைக்கும் வேணுமெண்டே தண்ணி குடிக்காம இருக்குதுகள், பிறகு ரியூசன், அதுவும் தகரக் கொட்டிலுக்குள்ள. ஏன் எண்டு கேட்டா ஒண்டுமில்லை எண்டுதான் முதல் வரும், ஆறுதலாக் கேட்டாத்தான் சொல்லுங்கள்: கக்கூஸ் கதவுக்குக் கொண்டி இல்லை, கூட்டாளி ஒருத்தி வெளியில நிண்டு பிடிக்கோணும், வாளியில தண்ணி இல்லை, பாவிச்ச நாப்கினைப் போட ஒரு மூடி வைச்ச கூடை இல்லை. குடிச்சாத்தானே போகோணும், அதால குடிக்கிறதையே விட்டுடுதுகள். சித்திரை வெய்யிலுக்க இப்பிடி இருந்தா தலை இடிக்காம என்ன செய்யும், மூத்திரமும் கடுமஞ்சளாப் போகும், அடக்கி அடக்கி எரிவும் வந்திடும். 2024இல அரசாங்கம் நாப்கின் வாங்க 1,200 ரூபா வவுச்சர் குடுத்தது நல்ல விசயம்தான், ஆனா மாத்துறதுக்குப் பூட்டக்கூடிய ஒரு இடம் இல்லாட்டி அந்தப் பிள்ளை அண்டைக்கு வீட்டிலதான் நிக்கும்.

இதை அதிபரிட்டத் தனியப் போய்ச் சொல்லாதேங்கோ, நாலைஞ்சு அம்மாமாரைச் சேர்த்துக்கொண்டு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில எழும்பிக் கேளுங்கோ. கொண்டியும் வாளியும் கூடையும் பெரிய காசில்லை, விளையாட்டுப் போட்டிப் பந்தலுக்குச் சேர்க்கிற காசில கொஞ்சம் காணும். கிணத்துத் தண்ணியில சந்தேகம் எண்டா பி.எச்.ஐ. எண்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்டச் சொல்லுங்கோ, பள்ளிக்கூடத்துத் தண்ணியும் மலசலகூடமும் பாக்கிறது அவையின்ர வேலைதான்.

மற்றது காலமைச் சாப்பாடு. வெறும் தேத்தண்ணியோட போறாளோ? பள்ளிக்கூடச் சத்துணவு பெரும்பாலும் ஆரம்பப் பிரிவோட நிண்டுடுது, 9ஆம் வகுப்புப் பிள்ளை இடைவேளை வரைக்கும் வெறும் வயிறு. ரெண்டு வாய் பழஞ்சோறோ அவிச்ச பயறோ குடுத்து அனுப்புங்கோ. ஆசுப்பத்திரியில ரத்தம் சோதிச்சு இரும்புச்சத்தையும் பாருங்கோ, மாதவிடாய் வந்த பிள்ளையளுக்கு அது குறையிறது கூட.

கேள்வி: பள்ளிக்கூடத்தில கிழமைக்கு ஒருக்கா இரும்புக் குளிசை குடுக்கினம். வயித்தைப் பிரட்டுது, மலம் கறுப்பாப் போகுது எண்டு மகன் எறிஞ்சு போடுறான். குடுக்காம விடலாமோ?
- ஒரு தகப்பன், மல்லாவி

பதில்: விடாதேங்கோ. கறுப்பாப் போறது அந்தக் குளிசையால வாறதுதான், பயப்பிட ஒண்டுமில்லை. சாப்பிட்டாப் பிறகு போட்டா பிரட்டல் குறையும். அதோட தேத்தண்ணி மட்டும் வேண்டாம், சாயம் இரும்பை உடம்பில சேர விடாது, தேசிக்காய்த் தண்ணி நல்லது. முருங்கையிலை வறைக்கும் தேசிக்காய்ப் புளி விடுங்கோ.

கேள்வி: தம்பி ஓ.எல் (சாதாரணதரம்) சோதனை எடுக்கப் போறான். ஒருத்தரோடயும் கதைக்கிறான் இல்லை, இரவில நித்திரையும் இல்லை. அம்மா நேர்த்தி வைக்கிறா. எனக்குப் பயமாக் கிடக்கு.
- ஒரு அக்கா, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, நேர்த்தியும் இருக்கட்டும், அதோட சேர்த்து நீங்களும் அவனோட கதையுங்கோ. சோதனையைப் பற்றிக் கேக்காதேங்கோ, சும்மா குளக்கட்டுப் பக்கம் சைக்கிளில கூட்டிக்கொண்டு போங்கோ, கதைக்காட்டியும் பரவாயில்லை. எங்கட வீடுகளில பழைய இழப்புகள் இன்னும் கிடக்கு, யுத்தத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளையளும் அதுக்குள்ளதான் வளருதுகள், அதை மறந்துபோட்டு மாக்ஸை மட்டும் கேக்கக் கூடாது. ரெண்டு கிழமைக்கு மேல இப்பிடியே இருந்தா மாவட்ட ஆசுப்பத்திரியில மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. சாகப்போறன் எண்டமாதிரி ஒரு சொல் வந்தா அண்டைக்கே போகோணும், தனிய விடவும் கூடாது. 1926 எண்ட தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், அவன் கதைக்க மாட்டன் எண்டா நீங்கள் எடுத்துக் கதையுங்கோ.