வீடற்றவர்கள் யார் பொறுப்பு, மாநகரமா புறநகரா? கேள்வி பதில்

வீடற்றவர்களுக்கு உதவுவதில் மாநகரத்தின் பங்கு எவ்வளவு, சுற்றியுள்ள புறநகர்களின் பங்கு எவ்வளவு என்று பலரும் கேட்டிருந்தீர்கள். காப்பகங்களில் இடம் ஒதுக்கும் வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் புறநகரில் தெருவில் படுப்பவர் ஒருவர்கூட இல்லை. மாநகரத்துப் பிரச்சினைக்கு எங்கள் வரிப்பணம் எதற்கு?

தெருவில் இல்லை, சரி. பார்க்கிங்கில் பார்த்தீர்களா? வீடு போனதும் யாரும் நேராக நடைபாதைக்கு வந்துவிடுவதில்லை. முதலில் அண்ணன் வீட்டு ஹால், அப்புறம் நண்பர் வீடு, அங்கேயும் முகம் மாறிய பிறகு கார். பெரிய கடையின் பார்க்கிங்கில், விளக்குக் கம்பத்தை விட்டுத் தள்ளி, கண்ணாடிகளை உள்பக்கமாகத் துண்டால் மறைத்து ஒரு கார் நிற்கும். பின் சீட்டில் பள்ளிப் பை, துவைத்த துணி, பல் துலக்கும் பிரஷ். அந்தக் காரும் பழுதான பிறகுதான், காப்பகமும் இலவச மருத்துவமும் கிடைக்கிற மாநகரத்துக்கு பஸ் ஏறுகிறார்கள். அமெரிக்காவில் ஜனவரி கடைசியில் ஓர் இரவு தலைக்கணக்கு எடுப்பார்கள். அன்று எங்கே இருக்கிறாரோ அந்த ஊர்க் கணக்கில் ஒருவர் சேர்ந்துவிடுவார். போன வருடம்வரை உங்கள் தெருவில் வாடகை கொடுத்துக் குடியிருந்தவர், இந்த வருடம் மாநகரத்தின் வீடற்றவர். அந்தக் கணக்கை வைத்துத்தான் நீங்கள் "எங்கள் ஊரில் யாருமில்லை" என்கிறீர்கள்.

கேள்வி: நாங்கள் ஒரு காப்பகம் திறந்தால் எல்லா ஊரிலிருந்தும் கூட்டம் வந்துவிடாதா சார்?

இந்தப் பயம் மிகப் பழையது. இங்கிலாந்தில் 1662-லேயே இதற்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். புதிதாக வந்த ஏழை ஊருக்குப் பாரமாகிவிடுவார் என்று தோன்றினால், 40 நாளுக்குள் புகார் செய்து அவரைப் பழைய ஊருக்கே திருப்பி அனுப்பலாம்.

ஒரு ஊர் மட்டும் கதவைத் திறந்தால் அந்த ஊருக்குச் சுமை கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் எல்லா ஊரும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும் என்கிறேன். மற்றபடி, ஒரு வட்டாரத்தில் வீடற்றவர் எண்ணிக்கையைப் பெரிதாக்குவது, போதைப்பழக்கத்தைவிட வாடகைதான். அமெரிக்காவில் போதைப்பழக்கத்தால் மிகவும் அடிபட்ட மாநிலங்களில் ஒன்று மேற்கு வர்ஜீனியா. ஆனால் அங்கே வாடகை குறைவு. மக்கள்தொகைக்கு ஏற்றாற்போல் கணக்கிட்டால், கலிஃபோர்னியாவைவிட அங்கே வீடற்றவர்கள் மிகக் குறைவு.

கேள்வி: நான் சமூகப் பணியாளர். "இவர் எங்கள் ஊர்க்காரர் இல்லை" என்று இரண்டு நகராட்சிகள் ஒரே ஆளை மாற்றி மாற்றி அனுப்புகின்றன. எது சரியான முறை?

இதை வாரம் தவறாமல் பார்க்கிறேன். ஒரு பெரியவர் கையில் இரண்டு அலுவலகத்துக் கடிதங்களும் இருக்கும். இரண்டிலும் மற்ற ஊரின் முகவரி.

இங்கிலாந்தில் ஊர்த்தொடர்பு பார்க்கிறார்கள். கடந்த 12 மாதத்தில் 6 மாதமோ, 5 வருடத்தில் 3 வருடமோ அந்த ஊரில் குடியிருந்திருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். வேலை, குடும்பம் இருந்தாலும் கணக்கில் எடுப்பார்கள். குடும்ப வன்முறைக்குப் பயந்து ஓடிவந்தவரைப் பழைய ஊருக்கு அனுப்பக் கூடாது என்ற விலக்கும் உண்டு. ஜெர்மனியில் வழி வேறு: போக இடமில்லாதவர் இன்று எந்த ஊரில் நிற்கிறாரோ, தங்க இடம் கொடுப்பது அந்த ஊரின் கடமை. முன்பு எங்கே குடியிருந்தார் என்பது அதைத் தடுக்காது.

எனக்கு ஜெர்மனியின் முறைதான் நியாயமாகப் படுகிறது. இன்று இரவு படுக்கை யார் தருவது என்பதும், செலவு யார் தலையில் என்பதும் தனித்தனிக் கேள்விகள். இரண்டாவதை நகராட்சிகள் மாதக் கடைசியில் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். அதற்கு அந்தப் பெரியவரை அலைக்கழிக்கக் கூடாது.

கேள்வி: இடம் தர முடியாத புறநகர், பணத்தைக் கொடுத்துவிட்டு மாநகரத்தையே பார்த்துக்கொள்ளச் சொன்னால் என்ன?

இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் மவுண்ட் லாரல் என்ற ஊரின் நிலச்சட்டம் (எங்கே என்ன கட்டலாம் என்ற விதி), ஏழைகள் வாழக்கூடிய வீடுகளே வராதபடி இருந்தது. 1975-ல் மாநில உச்ச நீதிமன்றம், வட்டாரத்தின் தேவையில் தன் நியாயமான பங்குக்கு வளர்ந்துவரும் ஒவ்வொரு ஊரும் இடம் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1983-ல் அதை இன்னும் கடுமையாக்கியது. உடனே 1985 சட்டத்தில் ஒரு சந்து வைத்தார்கள்: ஒரு புறநகர் தன் பங்கில் பாதிவரை, பணம் கொடுத்து வேறொரு ஊரின் தலையில் கட்டலாம். பணம் ஏழை நகரங்களுக்குப் போனது, வீடுகளும் அங்கேயே எழுந்தன. வசதியான ஊர்கள் இருந்தபடியே இருந்தன. 2008-ல் அந்த ஏற்பாட்டையே ஒழித்தார்கள்.

பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். ஆனால் பணத்தோடு நிலமும் வர வேண்டும். சிறிய அடுக்குமாடிக்கே அனுமதி தராத ஊரில் வாடகை ஏறிக்கொண்டேதான் இருக்கும், மாதாமாதம் யாராவது வீட்டை இழந்துகொண்டே இருப்பார்கள். மாநகரத்தில் எத்தனை காப்பகத்துக்குப் பணம் கொடுத்தாலும் அது நிற்காது.

கேள்வி: எல்லா ஊரும் சேர்ந்து ஒரு பொது அமைப்பு வைத்தால் போதுமா?

அதிகாரம் இல்லாத அமைப்பால் கூட்டம்தான் நடத்த முடியும். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் 88 நகரங்கள் இருக்கின்றன. மாநகரமும் மாவட்டமும் சேர்ந்து 1993-ல் ஒரு பொது ஆணையம் தொடங்கின. பிறகு இதற்கென்றே மாவட்டம் முழுக்க விற்பனை வரியும் போட்டார்கள். அப்படியும் 2025-ல் மாவட்டம் தன் பணத்தைப் பிரித்துத் தனித் துறைக்கு எடுத்துக்கொள்ள முடிவு செய்தது. அமெரிக்காவின் இன்னொரு பெருநகரமான ஹூஸ்டனில் மாநகரம், சுற்றியுள்ள மாவட்டங்கள், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் ஒரே காத்திருப்புப் பட்டியலின்கீழ் வந்தன. எந்த வாசலில் போய்ப் பெயர் கொடுத்தாலும் அதே பட்டியல். 2011-க்குப் பிறகு அங்கே வீடற்றவர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. வாடகையும் மற்ற பெருநகரங்களைவிடக் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: போலீஸை வைத்து ஊர் எல்லையைத் தாண்டி அனுப்பிவிடலாமே?

அமெரிக்காவில் கிராண்ட்ஸ் பாஸ் என்ற ஊரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024-ல் தந்த தீர்ப்புக்குப் பிறகு, பொது இடத்தில் படுத்ததற்கு அபராதம் போட நகரங்களுக்குத் தடை விலகிவிட்டது. ஆனால் நீங்கள் விரட்டியவர் பக்கத்து ஊரில் படுப்பார், அவர்களும் விரட்டுவார்கள். நடுவில் அவருடைய அடையாள அட்டையும் மாத்திரையும் தொலையும். அட்டை இல்லாமல் வீட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. மறுபடி எடுத்துக்கொடுக்கவே எங்களுக்கு வாரக்கணக்கில் ஆகிறது.

கேள்வி: சிறிய புறநகர் ஒன்றில் நகராட்சி உறுப்பினராக இருக்கிறேன். பெரிய நிதி இல்லை. எதில் தொடங்குவது?

நீங்கள் கேட்டதே எனக்குச் சந்தோஷம். முதலில், வீடு போகாமல் தடுக்கும் நிதி. இரண்டு மாத வாடகை பாக்கிக்காக வெளியேற்றப்படும் குடும்பத்துக்கு அந்த பாக்கியைக் கட்டுவது, அதே குடும்பத்தைப் பிறகு காப்பகத்தில் மாதக்கணக்கில் வைத்திருப்பதைவிட மலிவு. வெளியேற்ற வழக்கு பதிவானதுமே உங்கள் அலுவலகத்துக்குத் தகவல் வர ஏற்பாடு செய்யுங்கள்.

அப்புறம், பள்ளிகளைப் பிடியுங்கள். வீடிழந்த குழந்தையை ஆசிரியர்தான் முதலில் கண்டுபிடிப்பார். அமெரிக்கச் சட்டப்படி அந்தக் குழந்தை பழைய பள்ளியிலேயே தொடரலாம், போய்வர வண்டியும் தர வேண்டும். உங்கள் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் ஒரு வேன் ஏற்பாடு செய்ய யாரும் தடை சொல்லப்போவதில்லை.

மூன்றாவது, நாலைந்து வீடுகள். ஃபின்லாந்து 2008-லிருந்து முதலில் நிரந்தர வீடு, பிறகு மற்ற உதவி என்று போனபோது, அரசு ஹெல்சின்கியோடு நிற்காமல் அதை ஒட்டியுள்ள எஸ்போ, வாண்டா நகரங்களோடும் ஒப்பந்தம் போட்டது. 1980-களின் கடைசியில் 15,000-க்கும் மேல் இருந்த வீடற்றவர்கள், 2023-ல் 4,000-க்கும் கீழே வந்தார்கள். உங்களால் முடிந்த நாலைந்து வீடுகளை வட்டாரத்தின் பொதுப் பட்டியலில் சேருங்கள். அடுத்த கூட்டத்தில் பக்கத்து ஊர் உறுப்பினரிடம், அவர்கள் எத்தனை சேர்க்கிறார்கள் என்று கேளுங்கள்.