12 பாயிண்ட் என்பது எதன் அளவு?

கேள்வி: எங்கள் நூலக ஆண்டு மலரில் இரண்டு கட்டுரைகளை வெவ்வேறு எழுத்துருக்களில், ஆனால் ஒரே 12 பாயிண்டில் அமைத்தோம். அச்சில் ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் தெரிகிறது. லெடிங்கையும் கெர்னிங்கையும் சரிசெய்தால் போதும் என்கிறார் வடிவமைப்பாளர். இச்சொற்கள் எவற்றைக் குறிக்கின்றன?
– வாசகர், மன்னார்குடி

பதில்: மூன்று சொற்களும் ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தவை. இன்றைய கணினியில் ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. ஆனால் 12 பாயிண்ட் என்பது நாம் காணும் எழுத்தின் உயரம் அன்று. அந்த எழுத்தைத் தாங்கிய ஈயத் துண்டின் அளவு. துண்டு மறைந்துவிட்டாலும் அதன் இடத்தில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு கட்டம் இருக்கிறது. அதற்குள் எழுத்தை எவ்வளவு பெரிதாக வரைவது என்பது எழுத்துருவை உருவாக்குபவரின் முடிவு. தமிழில் மேலே 'கீ'யின் விலங்கும் கீழே 'ழு'வின் வளைவும் இடம் கேட்பதால், ஒருவர் 'ட', 'ப' போன்ற எழுத்துகளைச் சிறிதாக்கி எல்லாவற்றையும் கட்டத்துக்குள் அடக்குவார். மற்றொருவர் அவற்றைப் பெரிதாகவே வைத்து, விலங்குகளைக் கட்டத்துக்கு வெளியே நீளவிடுவார். எனவே எண்ணைப் பொருட்படுத்தாமல், இரண்டு எழுத்துருக்களிலும் 'ட'வின் உயரம் ஒன்றாகும்வரை ஒன்றின் அளவைக் குறையுங்கள்.

லெடிங் இதைத் தீர்க்காது. வரிகளுக்கிடையே செருகப்பட்ட ஈயத் தகடுகளால் வந்த பெயர் அது. இப்போது ஓர் அடிக்கோட்டிலிருந்து (ஒரு வரியின் எழுத்துகள் அமர்ந்திருக்கும் கற்பனைக் கோடு) அடுத்த அடிக்கோடு வரையுள்ள தொலைவைக் குறிக்கிறது. பல மென்பொருள்கள் எழுத்தளவின் 120 விழுக்காட்டை, அதாவது 12 பாயிண்டுக்கு 14.4ஐத் தாமாகவே வைக்கின்றன. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழிலோ மேல்வரியின் 'ழு'வும் கீழ்வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளக்கூடும் என்பதால், நான் 16க்குக் கீழே போவதில்லை.

கெர்னிங்குக்கும் உங்கள் சிக்கலுக்கும் தொடர்பே இல்லை. அடுத்தடுத்து வரும் குறிப்பிட்ட இரண்டு எழுத்துகளுக்கு இடையே தெரியும் இடைவெளியை நெருக்குவதோ விலக்குவதோ கெர்னிங். ஒரு வரி முழுவதையும் சீராக விரிப்பது டிராக்கிங். இரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் பலர். தமிழ்த் தலைப்புகளில் டிராக்கிங்கைக் கூட்டும்போது எச்சரிக்கை தேவை: சில மென்பொருள்கள் 'கொ'வின் கொம்பையும் காலையும் தனித்தனி எழுத்துகளாக எண்ணி விலக்கிவிடுவதால், தலைப்பு துண்டுதுண்டாகச் சிதறி நிற்கும்.