நிறுவன மின்னஞ்சலில் ஆதார், பான் எண்கள் வெளியே போகாமல் தடுக்கும் விதியை எப்படி அமைப்பது?

தணிக்கையாளர் கேட்ட பிறகுதான் உங்கள் நிர்வாகத்துக்கு இந்த அக்கறை பிறந்தது என்றும், கணினிப் பிரிவு என்பதே அங்கு நீங்கள் ஒருவர்தான் என்றும் ஊகித்து எழுதுகிறேன். தாராளமாகத் தடுக்கலாம்; ஆனால் முதல் நாளே தடுக்காதீர்கள்.

கோவையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் பணியாற்றியபோது, வெளியிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர், நான் வேண்டாமென்று சொல்லியும் கேளாமல், ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து என்று வரிசையாக வரும் எதையும் பான் எண்ணாகவும், 12 இலக்கங்கள் கொண்ட எதையும் ஆதாராகவும் கருதி நிறுத்திவிடும் விதியை எழுதிவிட்டுப் போனார். ஜிஎஸ்டி எண்ணின் 15 குறிகளில், மாநிலக் குறியீடான முதல் இரண்டை அடுத்து வரும் பத்தும் அந்த நிறுவனத்தின் பான் எண்ணே. சரக்கு கொண்டுசெல்லத் தேவையான மின்னணுச் சீட்டான இ-வே பில்லின் எண்ணுக்கும் 12 இலக்கங்கள்தான். ஆகவே, சரக்கோடு சேர்ந்து போகவேண்டிய எங்கள் இன்வாய்ஸ்கள் ஒவ்வொன்றாகச் சிக்கிக்கொள்ள, கணக்குப் பிரிவினர் தங்கள் சொந்த ஜிமெயிலிலிருந்து அவற்றை அனுப்பத் தொடங்கினார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதக் கடைசியில் வசூல் நின்றால் பதில் சொல்லவேண்டியவர்கள் அவர்கள்தாம், ஆலோசகர் அல்லர்.

பிறகு அந்த விதியை, எதையும் நிறுத்தாமல் பதிவு மட்டும் செய்யும் சோதனை நிலைக்கு மாற்றினேன். முன்னும் பின்னும் வேறு எழுத்தோ இலக்கமோ ஒட்டியிராவிட்டால் மட்டுமே பான் எண் என்று கொள்ளச் செய்தேன்; இந்த ஒன்றிலேயே ஜிஎஸ்டி எண்கள் விலகிவிட்டன. ஆதாரின் கடைசி இலக்கம் வெர்ஹோஃப் முறையில் கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம் என்பதால், அந்தச் சோதனையைச் சேர்த்தால் தற்செயலான 12 இலக்க எண்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றே தேறும். அதுவும் அருகில் 'ஆதார்' என்ற சொல் இருந்தால்தான் பொருட்படுத்த வேண்டும் என்று வைத்தேன். ஒரு மாத இறுதிக் கணக்கு முடிப்பு தொல்லையின்றிக் கடந்த பிறகே தடையை இயக்கினேன்; அப்போதும், சம்பளப் பட்டியல் போல ஒரே மின்னஞ்சலில் இத்தகைய எண்கள் பல இருந்தால் மட்டுமே.

வங்கிகளில் இதே வேலை பார்ப்பவர்கள் இதை மிகவும் தளர்வான ஏற்பாடு என்று சொல்லக்கூடும். நிறுத்திவைத்த மின்னஞ்சலை இரவிலும் பார்த்து விடுவிக்க அவர்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். உங்களிடமும் என்னிடமும் இல்லை.

உண்மையான தலைவலி விதிவிலக்குகளில்தான் இருக்கிறது. எங்கள் நிர்வாக இயக்குநர், வரும் மின்னஞ்சல், போகும் மின்னஞ்சல் இரண்டிலும் தம் முகவரிக்கு எந்த வடிகட்டலும் கூடாது என்றார். 'அவசரமாகப் பணம் அனுப்பு' என்று மோசடிக்காரர்கள் எழுதுவது அவர் பெயரில்தான், விலக்களித்தால் அவையும் தப்பிவிடும் என்பதை எத்தனை முறை விளக்கினாலும், தமக்கு மரியாதை குறைகிறது என்றே அவர் எடுத்துக்கொண்டார். இத்தகைய கோரிக்கை வந்தால் காரணத்தையும் முடிவுத் தேதியையும் எழுத்தில் வாங்குங்கள். இணையப் பாதுகாப்புக்கான ஒன்றிய அரசின் அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி கணினிப் பதிவுகளை 180 நாள்கள் எப்படியும் வைத்திருக்கத்தான் வேண்டும். எந்த விதியை யார் எப்போது தளர்த்தினார் என்பதும் அவற்றில் பதிவாகிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.