பூங்காவில் டப்பா ஒளித்து வைத்தால் குற்றமா?

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் வசிக்கிறேன். நானும் நண்பர்கள் சிலரும் விடுமுறை நாள்களில் ‘ஜியோகேச்சிங்’ என்ற விளையாட்டில் ஈடுபடுகிறோம். சிறு டப்பாவுக்குள் குறிப்பேடும் சில சில்லறைப் பொருள்களும் வைத்து ஓரிடத்தில் மறைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் வெளியிடுவோம். மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு தேடி எடுத்து, குறிப்பேட்டில் பெயரெழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார்கள். ஏற்காட்டில் நுழைவுச்சீட்டு வாங்கிச் செல்லும் அரசுப் பூங்கா ஒன்றின் கல்சுவர் இடுக்கில் அப்படி ஒரு டப்பா வைத்திருந்தேன். சென்ற மாதம் அதைச் சரிபார்க்கப் போனபோது பணியாளர்கள் பிடித்துக்கொண்டு, “புதையல் எடுப்பது சட்டப்படி குற்றம், போலீசில் ஒப்படைப்போம்” என்று சொல்லி, இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அலுவலக அறையில் உட்கார வைத்தார்கள். மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்கள். ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ரசீது தரவில்லை. டப்பாவும் என் கையடக்க ஜிபிஎஸ் கருவியும் இன்னமும் அவர்களிடமே இருக்கின்றன. இப்போது வாசலில், “பொருள்களை ஒளித்துத் தேடும் விளையாட்டுகளுக்கு அனுமதி இல்லை” என்று பலகையும் வைத்துவிட்டார்கள். நான் செய்தது குற்றமா? இந்தத் தடை செல்லுமா? கருவியை எப்படித் திரும்பப் பெறுவது? அடுத்து சேர்வராயன் மலைப்பாதைகளிலும் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவிலும் டப்பாக்கள் வைக்க எண்ணியிருந்தோம், வைக்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு செயல்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒன்று, கைபேசியையோ கருவியையோ பார்த்தபடி பூங்காவுக்குள் நடந்து ஒரு பொருளைத் தேடுவது. மற்றொன்று, பிறருக்குச் சொந்தமான இடத்தில் உங்கள் பொருளை விட்டுவிட்டு வருவது. முதலாவதைத் தடுக்க நிர்வாகத்துக்கு வலுவான காரணம் வேண்டும். இரண்டாவதைச் செய்ய உங்களுக்கு அனுமதி வேண்டும். இந்த விளையாட்டைப் பெயர் சொல்லித் தடை செய்யும் சட்டம் எதுவும் நம் நாட்டில் இல்லை என்பதால், நீங்கள் செய்த ஒவ்வொன்றையும் பொதுவான சட்டங்களின் துணையோடுதான் எடைபோட வேண்டியிருக்கிறது.

முதலில் உங்களை மிரட்டப் பயன்படுத்திய புதையல் சட்டம். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மண்ணிலோ, மண்ணோடு பிணைந்த ஒன்றிலோ மறைந்திருக்கும் மதிப்புள்ள எந்தப் பொருளும் அச்சட்டத்தின்படி புதையல். அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவித்தாக வேண்டும். தானே வைத்த பொருளைத் தானே எடுத்துப் பார்த்தவர் மீது அந்தச் சட்டம் பாய்வதற்கு இடமே இல்லை. வரையறையைச் சொல்லுக்குச் சொல் பிடித்துக்கொண்டால்கூட, ஆட்சியருக்குத் தகவல் தரக் கடமைப்பட்டவர்கள் சுவரிலிருந்து உங்கள் டப்பாவை எடுத்து வைத்துக்கொண்ட பணியாளர்களே தவிர, நீங்கள் அல்லர். ஆகவே அந்த மிரட்டலைப் பொருட்படுத்த வேண்டாம்.

அடுத்தது அத்துமீறி நுழைதல். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவின்படி, குற்றம் செய்யவோ, இடத்தை வைத்திருப்பவரை அச்சுறுத்தவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ வேண்டும் என்ற உள்நோக்கத்தோடு நுழைந்தால்தான், அல்லது முறையாக நுழைந்தபின் அதே நோக்கத்தோடு அங்கேயே தங்கினால்தான், அது குற்றமுறு அத்துமீறல். சீட்டு வாங்கி, திறந்திருக்கும் நேரத்தில், எல்லாரும் நடக்கும் பாதை வழியாகச் சென்ற உங்கள் மீது அப்படியொரு நோக்கத்தை மெய்ப்பிப்பது மிகக் கடினம். ஆனால் ஒரு கேள்வியை நானும் உங்களிடம் கேட்கத்தான் வேண்டும்: அந்த இடுக்கு முன்பே இருந்ததா, அல்லது டப்பாவுக்காக ஒரு கல்லைப் பெயர்த்தீர்களா? பெயர்த்திருந்தால், தொகை எவ்வளவு சிறியதானாலும், 324-ஆம் பிரிவு சொல்லும் சொத்துச் சேதத்தின் நிழல் உங்கள் மீது விழும். கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. மனுவில் அதைப் பற்றி உண்மைக்கு மாறாக எதையும் எழுதிவிடாதீர்கள்.

மர்மப் பொருள் பற்றிய அச்சத்தையும் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் இப்படி மறைக்கப்பட்ட ஒரு டப்பாவை வெடிகுண்டு என்று எண்ணி, கடைவீதியை மூடி, வல்லுநர்களை வரவழைத்து வெடிக்கச் செய்தார்கள். கோடை விழாவுக்கு ஏற்காடு நிரம்பி வழியும் மே மாதத்தில், ஒட்டுநாடா சுற்றிய எவர்சில்வர் டப்பாவை ஒருவர் சுவருக்குள் செருகுவதைப் பார்க்கும் காவலாளி பதறுவதை நான் குறை சொல்லமாட்டேன்.

பதற்றத்துக்குப் பிறகு அவர்கள் செய்தவற்றைத்தான் சட்டம் ஏற்காது. ஒருவரை வெளியே செல்லவிடாமல் அறையில் இருத்தி வைப்பது சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவின்படி முறையற்ற அடைத்துவைப்பு. காவல் துறையைச் சாராத ஒருவர் இன்னொருவரைப் பிடித்து வைக்கலாம் என்றால், கைது, விசாரணை முதலிய குற்ற நடைமுறைகளைச் சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவின்படி, அவர் கண்ணெதிரே பிணையில் விட முடியாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்திருக்க வேண்டும். அல்லது பிடிபட்டவர் தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டவராக இருக்க வேண்டும். அப்போதும் தாமதமின்றிக் காவல் துறையிடம் ஒப்படைத்தாக வேண்டும். குறிப்பேட்டோடு ஒரு டப்பாவை வைத்தவர் இந்த வரையறைக்குள் எந்த வகையிலும் வரமாட்டார். பொருளைக் கைப்பற்றும் அதிகாரமும் அதே சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி காவல் அதிகாரிக்கு உரியது. பூங்காப் பணியாளருக்கு அது கிடையாது. காவல் அதிகாரியே எடுத்தாலும் பட்டியலிட்டுச் சாட்சிகளின் கையெழுத்தோடு மகஜர் எழுத வேண்டும். 105-ஆம் பிரிவின்படி அந்த நடவடிக்கையை ஒளி, ஒலிப் பதிவும் செய்ய வேண்டும். டப்பாவை அப்புறப்படுத்த நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. உங்கள் கையிலிருந்த கருவியை வாங்கி வைத்துக்கொள்ள எந்த உரிமையும் இல்லை. சட்டத்தின் அதிகாரமின்றி ஒருவரது சொத்தைப் பறிக்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 300ஏ கூறு. ஐந்நூறு ரூபாயும் அப்படித்தான். அபராதம் விதிக்கும் அதிகாரம் ஏதேனும் விதியில் இருந்தால் அந்த விதியைக் காட்டி ரசீது தந்திருக்க வேண்டும். ரசீது இல்லாத பணத்தை அபராதம் என்று எந்த அலுவலகமும் சொல்லிக்கொள்ள முடியாது.

மன்னிப்புக் கடிதத்தை எண்ணி நீங்கள் கலங்குவது எழுத்தில் தெரிகிறது. குற்றமல்லாத செயலுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டதால் அது குற்றமாகிவிடாது. அறையில் அமர்த்தி எழுதி வாங்கிய கடிதம் தானாக முன்வந்து எழுதியது என்று நீதிமன்றத்தில் நிற்பதும் அரிது.

கருவியைத் திரும்பப் பெற, எடுத்த எடுப்பில் காவல் நிலையத்துக்குப் போக வேண்டாம் என்பதே என் ஆலோசனை. புகார் அளித்தால் முறையற்ற அடைத்துவைப்புக்கு வழக்குப் பதிவு செய்ய இடமிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் எதிர்த்தரப்பு முதலில் எடுத்துவைக்கப் போவது நீங்கள் அனுமதியின்றிப் பொருள் வைத்ததைத்தான். இரண்டு தரப்பும் பிடிவாதமாக நின்றால், கருவி வழக்குச் சொத்தாகி நீதிமன்றப் பொருள் அறையில் தூங்கும். அதைவிட, பூங்காவின் பொறுப்பு அலுவலருக்கும் அதை நிர்வகிக்கும் துறையின் மாவட்ட அலுவலருக்கும் பதிவு செய்த விரைவுத் தபாலில், சேர்ப்பித்ததற்கான சான்று கிடைக்கும்படி ஒரு மனு அனுப்புங்கள். நாள், நேரம், கருவியின் நிறுவனப் பெயர், வரிசை எண், வாங்கிய ரசீதின் நகல் ஆகியவற்றைச் சேர்த்து, பதினைந்து நாள்களுக்குள் கருவியைத் தரும்படியும், பெற்ற தொகைக்கு ரசீதோ தொகையோ வழங்கும்படியும் கேளுங்கள். யாரையும் லஞ்சம் வாங்கினார் என்று அதில் எழுதாதீர்கள். ரசீது கேட்கும் ஒரு வரியே போதிய வேலையைச் செய்யும்.

அதே நாளில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனு ஒன்றும் பொதுத் தகவல் அலுவலருக்குப் போகட்டும். அந்த அறிவிப்புப் பலகையை வைக்கச் சொன்ன ஆணையின் நகல், எந்தச் சட்டப் பிரிவின்கீழ் அது பிறப்பிக்கப்பட்டது, பார்வையாளர்களுக்கு அபராதம் விதிக்க அதிகாரம் பெற்றவர் யார், சம்பவ நாளில் வசூலான தொகை எந்தக் கணக்கில் சேர்ந்தது ஆகிய நான்கையும் கேளுங்கள். முப்பது நாள்களில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு. இவ்வகை விவகாரங்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். அதற்கும் பிறகு, குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின்கீழ் உரிமையியல் வழக்கு. அரசைப் பிரதிவாதியாகச் சேர்ப்பதானால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவுப்படி இரண்டு மாத முன்னறிவிப்பு தேவை. கருவியின் விலையைப் பார்த்துவிட்டு அந்த முடிவை எடுங்கள்.

இனி, தடை செல்லுமா என்பது. இந்தியாவெங்கும் தடையின்றி நடமாடும் உரிமையை அரசமைப்பின் 19(1)(ஈ) தருகிறது. பொதுநலன் கருதி அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்க 19(5) இடமளிக்கிறது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு சட்டத்தின் வழியாக வர வேண்டும். காவல் துறையின் உள் ஒழுங்குமுறைகள் அத்தகைய சட்டமாகாது என்று 1962-இல் கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு பலகையின் பின்னால் விதியோ ஆணையோ இல்லையென்றால் அதற்கும் அதே கதிதான். மேலும், ஓர் ஆணையின் செல்லுந்தன்மையை அதில் சொல்லப்பட்ட காரணங்களைக் கொண்டே சோதிக்க வேண்டும், பின்னால் புதிய காரணங்களைச் சேர்க்கக் கூடாது என்று 1977-இல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் வகுக்கப்பட்ட நெறி, ஆணையின் நகலை உங்களை நான் கேட்கச் சொல்வதன் காரணத்தை விளக்கும்.

இருந்தாலும் உங்களுக்கு முழு வெற்றி கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பொதுப் பூங்கா மக்கள் காற்று வாங்கவும் இளைப்பாறவும் உரிய இடம் என்பதை 1991-இல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது. 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் சட்டமும் அவற்றை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதிலிருந்து காக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு பூங்காவுக்குத்தான். அதற்குள் ஒருவர் தம் பொருளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமை அதிலிருந்து பிறக்காது. கட்டணம் வாங்கி அனுமதிக்கும் தோட்டத்தில், உரிமையாளர் என்ற முறையில் அரசு நியாயமான நுழைவு நிபந்தனைகளை விதிக்கலாம். ஆகவே பொருள்களை ஒளித்து வைக்கக் கூடாது என்ற பகுதி உயர் நீதிமன்றத்தில் நிலைக்கும் என்பதே என் கணிப்பு. தேடவும் கூடாது என்ற பகுதி நிலைக்காது. கைபேசியில் வரைபடம் பார்த்துக்கொண்டு ரோஜாப் பாத்திகளின் ஓரமாக நடக்கும் ஒருவரையும் டப்பா தேடும் ஒருவரையும் எந்தக் காவலாளியாலும் பிரித்தறிய முடியாது.

உங்கள் விளையாட்டின் விதிகளே நில உரிமையாளரின் அனுமதியைக் கேட்கின்றன. குழி தோண்டிப் புதைப்பதையும் அனுமதிப்பதில்லை. விளையாட்டு பிறந்த அமெரிக்காவிலேயே தேசியப் பூங்காக்களில் பூங்காக் கண்காணிப்பாளரின் இசைவின்றி டப்பா வைக்க முடியாது. எனவே இனி எழுத்தில் அனுமதி கேளுங்கள்: உள்ளே இருப்பது தெரியும் ஒளிபுகும் டப்பா, அதன் மேல் விளையாட்டின் பெயரும் உங்கள் தொலைபேசி எண்ணும், வைக்கும் இடத்தின் புகைப்படம், எடுத்துவிடும் நாள். டப்பாவே வேண்டாம் என்றாலும் வழியுண்டு. 2004-இல் அமெரிக்க நிலவியல் சங்கத்தோடு இணைந்து தொடங்கப்பட்ட ‘எர்த்கேச்’ முறையில் எதையும் வைப்பதில்லை. குறிப்பிட்ட இடத்துக்குச் சென்று அங்குள்ள பாறையைப் பற்றிய கேள்விகளுக்கு விடையளிப்பதே ஆட்டம். சார்னோகைட் பாறையும் பாக்சைட்டும் உள்ள சேர்வராயன் மலைக்கு இது நன்றாகவே பொருந்தும்.

மலைப்பாதைகளில் கணக்கு முற்றிலும் வேறு. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்கீழ் குற்றம். அங்கே உள்நோக்கத்தைப் பற்றிய விவாதம் உங்களுக்கு உதவாது, வனத்துறையினருக்குப் பொருள்களைக் கைப்பற்றும் அதிகாரமும் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் மாண்டதற்குப் பிறகு, மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகள் வந்தன. 2024-இல் மாநிலம் முழுவதும் நாற்பது பாதைகளில் முன்பதிவோடும் வழிகாட்டிகளோடும் அரசே மலையேற்றத் திட்டம் தொடங்கியது. அந்தப் பாதைகளில்கூட எதையும் விட்டுவரக் கூடாது. காப்புக்காட்டுக்கு வெளியே இருப்பவற்றில் பெரும்பகுதி காப்பித் தோட்டங்கள். அங்கே எஸ்டேட் உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். காட்டெருமை மேயும் புதருக்குள்ளோ, காட்சிமுனைக் கம்பிவேலிக்கு அப்பாலோ டப்பா வைத்து, தேடிப் போனவர் அடிபட்டால், அட்சரேகை, தீர்க்கரேகையை வெளியிட்டவர் என்ற முறையில் கவனக்குறைவுக்கான பொறுப்பு உங்களைத் தேடி வரும்.

குரும்பப்பட்டியைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவு, உயிரியல் பூங்காவில் விலங்குகளைத் தொந்தரவு செய்வதையும் வளாகத்தில் குப்பை போடுவதையும் தடை செய்கிறது. நீங்கள் வைக்கும் டப்பாவைக் குப்பையிலிருந்து வேறுபடுத்தி வாதாட நான் விரும்பவில்லை.

மனுவை அனுப்புமுன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் கருவி செயற்கைக்கோள் சமிக்ஞையைப் பெற்று இடத்தைக் காட்டும் சாதாரண ஜிபிஎஸ் என்றால் சிக்கல் இல்லை. கைபேசிக் கோபுரம் இல்லாத இடத்திலிருந்தும் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பக்கூடிய வகை என்றால், தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பதே தனிக் குற்றம். வெளிநாட்டிலிருந்து அத்தகைய கருவியோடு வந்த பயணிகள் விமான நிலையங்களில் கைதாகியிருக்கிறார்கள். அப்படியானால் வரிசை எண்ணோடு எழுதிய மனு எதையும் அனுப்பாமல், முதலில் ஒரு வழக்கறிஞரை நேரில் சந்தியுங்கள்.