ஃபோர்சைத்தில் யாரும் தடுக்கவில்லையா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கச் சிற்றூர்களின் இனவெறி பற்றி நீங்கள் எழுதியது மிகையாகப்பட்டது. நான் ஜார்ஜியாவில், ஃபோர்சைத் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) குடும்பத்தோடு இருக்கிறேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர்கள் தங்கமானவர்கள். ஒருநாளும் யாரும் முகம் சுளித்ததில்லை. கறுப்பினத்தவர் இங்கே குறைவுதான், ஆனால் அவர்களை யாரும் தடுக்கவில்லையே? அட்லாண்டா நகரம்தான் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கடைசி இரண்டு வரிகளை எந்த ஊரிலிருந்து எழுதினாலும் ஃபோர்சைத்திலிருந்து எழுதியிருக்கக் கூடாது.

1910 கணக்கெடுப்பில் உங்கள் கவுண்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் இருந்தார்கள். சிலருக்குச் சொந்த நிலம், பலர் குத்தகைக்கு உழுதவர்கள், சொந்தமாகத் தேவாலயங்களும் இருந்தன. 1912 செப்டம்பரில் ஒரு வெள்ளை இளம்பெண் தாக்கப்பட்டு, பிறகு இறந்துபோனாள். அதற்காகச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட ராப் எட்வர்ட்ஸ் என்ற கறுப்பினத்தவரைக் கமிங் ஊர்ச் சிறையிலிருந்து இழுத்துவந்து கும்பல் கொன்றது. எர்னஸ்ட் நாக்ஸ், ஆஸ்கர் டேனியல் என்ற இரண்டு கறுப்பின விடலைப் பையன்களை அதே வழக்கில் அவசர அவசரமாக விசாரித்து, அக்டோபரில் ஆயிரக்கணக்கானோர் வேடிக்கை பார்க்கத் தூக்கில் போட்டார்கள். அதோடும் விடவில்லை. இரவில் குதிரைகளில் வந்தவர்கள் வீடுகளை நோக்கிச் சுட்டார்கள், தேவாலயங்களைக் கொளுத்தினார்கள், கொஞ்ச காலத்திலேயே ஏறக்குறைய அத்தனை பேரும் கவுண்டியைவிட்டு ஓடினார்கள். கிடைத்த விலைக்கு நிலத்தை விற்க முடிந்தவர்கள் பாக்கியசாலிகள். அப்படியே விட்டுப் போனவர்களின் நிலத்துக்கு வெள்ளையர்கள் வரி கட்டி, காலப்போக்கில் தங்களுடையது ஆக்கிக்கொண்டார்கள் (இந்த வித்தையை நம்மூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை).

பழைய கதை என்பீர்கள். சரி, 1987க்கு வருவோம். ஜனவரி 17 அன்று கறுப்பின உரிமைப் போராளி ஹோசியா வில்லியம்ஸ் தலைமையில், இந்த ஒதுக்கலை எதிர்த்து ஒரு சிறு ஊர்வலம் அங்கே போனது. கல்லும் பாட்டிலும் பறந்தன. அடுத்த வாரம் சுமார் 20,000 பேர் திரண்டு வந்தபோது, அவர்களைக் காக்கத் தேசியக் காவல் படையையே இறக்க வேண்டியிருந்தது. அன்று கல் எறிந்த இருபது வயதுப் பையனுக்கு இப்போது அறுபதுதான் இருக்கும்.

முக்கால் நூற்றாண்டு ஒரு இனத்தையே ஊருக்குள் விடாமல் வைத்துவிட்டு, அப்புறம் அவர்களுக்கு நகரம்தான் பிடிக்கும் என்றால் எப்படி? தாத்தாவின் நிலம் பேரனுக்கு வந்திருந்தால், அட்லாண்டா வடக்கே பரவி மனை விலை ஏறியபோது அந்தப் பணம் யாருக்குப் போயிருக்கும் என்று யோசியுங்கள். 2020 கணக்கில்கூட உங்கள் கவுண்டியில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஐந்து பேர் இல்லை. ஜார்ஜியா முழுக்க எடுத்தால் நூற்றுக்கு முப்பது.

உங்களைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை என்பது நல்ல விஷயம்தான். ஆனால் 1907 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில், மர ஆலைகளில் வேலை பார்த்த பஞ்சாபிகளை வெள்ளையர் கும்பல் அடித்துத் துரத்தியது, சில நாட்களில் அந்த ஊரில் இந்தியரே இல்லாமல் போனார்கள். அவர்களைப் பற்றியும் பின்னாளில் ஒருவர், அவர்களுக்குக் கலிபோர்னியா வெயில்தான் பிடிக்கும் என்று எழுதியிருக்கலாம்.