கொழுப்பு செல்லை உறிஞ்சி எடுத்துவிட்டால் போதுமா? – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

கஷ்டப்பட்டு உடம்பை இளைத்தவன் நான். இப்போது குறைத்ததில் பாதி எடை திரும்ப வந்துவிட்டது. சமீபத்தில் ஒரு வீடியோவில், இளைத்தாலும் கொழுப்பு செல்கள் சாவதே இல்லை, சுருங்கிக் காத்துக்கொண்டிருக்கும் என்றார்கள். கேட்டதிலிருந்து மனசே விட்டுப்போச்சு. அப்படியென்றால் லிப்போசக்‌ஷன் செய்து அந்தச் செல்களை உறிஞ்சி எடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்ததா? கொழுப்பே இல்லாத உடம்புதானே ஆரோக்கியமான உடம்பு?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கொழுப்பே இல்லாத மனிதர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். லிப்போடிஸ்ட்ரோபி என்று பெயர், மிக அபூர்வமான நோய். பிறவியிலேயே வரும் வகையில் தோலுக்கடியில் கொழுப்பு கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது, தசையும் ரத்தநாளமும் புடைத்துக்கொண்டு தெரியும், விவரம் தெரியாதவர்கள் நல்ல கட்டுமஸ்தான உடம்பு என்பார்கள். ஆனால் அவர்களுக்கு இளவயதிலேயே சர்க்கரை நோய், ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு எக்கச்சக்கம், கல்லீரலில் கொழுப்பு, போதாததற்கு அடங்காத பசி. சாப்பிட்டதில் மிஞ்சுவதைப் போட்டுவைக்கக் கொழுப்பு செல் இல்லாததால் அது கல்லீரலிலும் தசையிலும் போய்த் தேங்குகிறது, தேங்கிய இடத்தில் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. ஆக, நீங்கள் எதிரி என்று நினைக்கிற அந்தச் செல்தான் இத்தனை நாளும் உங்கள் கல்லீரலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

நுண்ணோக்கியில் பார்த்தால் அது ஒரு விசித்திரமான செல். உள்ளே முழுக்க ஒரே ஒரு பெரிய எண்ணெய்த் துளி, செல்லின் உட்கரு பாவம் ஒரு ஓரமாக நசுங்கிக் கிடக்கும், பக்கவாட்டில் கல் வைத்த மோதிரம் மாதிரி. சாப்பிட்டதும் இன்சுலின் சொல்ல, ரத்தத்தில் வரும் கொழுப்பை வாங்கிச் சேர்த்துக்கொள்ளும். பட்டினி கிடந்தால் அதையே கொழுப்பு அமிலமாகவும் கிளிசராலாகவும் உடைத்து ரத்தத்தில் விடும். நீங்கள் இளைத்தபோது நடந்தது இதுதான், துளி சின்னதானது, செல் அங்கேயே இருந்தது.

‘சாவதே இல்லை’ என்பது மட்டும் தப்பு. இதை 2008-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழு கண்டுபிடித்த விதம் அழகானது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏகத்துக்கும் ஏறி, அந்தச் சோதனைகளைத் தடைசெய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. அது பயிர் வழியாக உணவுக்கும், உணவு வழியாக நம் டிஎன்ஏவுக்கும் வந்துவிட்டது. டிஎன்ஏவில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் செல் ஏறத்தாழ எந்த வருஷம் பிறந்தது என்று சொல்லிவிடலாம். அப்படி அளந்ததில், வருஷத்துக்குச் சுமார் 10 சதவீதக் கொழுப்பு செல்கள் செத்து, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன என்று தெரிந்தது. எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடமும் இரண்டு வருஷம் கழித்து செல்லின் பருமன்தான் குறைந்திருந்தது, எண்ணிக்கை குறையவில்லை.

சரி, எண்ணிக்கைதான் பிரச்சினை என்றால் உறிஞ்சி எடுத்துவிடலாமே? அதையும் பார்த்துவிட்டார்கள். 2004-ல் அமெரிக்காவில் சாமுவேல் க்ளைன் குழு, உடல் பருமன் கொண்ட 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலுக்கடியிலிருந்து ஆளுக்குச் சுமார் 10 கிலோ கொழுப்பை எடுத்து, இரண்டரை மூன்று மாதம் கழித்துச் சோதித்தது. இன்சுலின் வேலை செய்யும் விதத்தில் முன்னேற்றம் இல்லை, ரத்த அழுத்தமும் அப்படியே. சாப்பாட்டைக் குறைத்து, நடந்து, அதைவிடக் கொஞ்சமாக எடை குறைப்பவர்களுக்கே இவையெல்லாம் சீராகின்றன. காரணம் புரிகிறதல்லவா? லிப்போசக்‌ஷன் சில செல்களை எடுத்துப்போகிறது, மிச்சமிருக்கும் செல்கள் முன்போலவே உப்பிக்கொண்டுதான் இருக்கும், கல்லீரலில் படிந்ததும் குடலைச் சுற்றி இருப்பதும் அசைவதே இல்லை. அளவுக்கு மீறி உப்பிய செல்தான் ஆபத்து. அது செத்தால் வெள்ளணுக்கள் வந்து வளைத்துக்கொண்டு அழற்சியைக் கிளப்பும். குடலைச் சுற்றிய கொழுப்பு கரைந்து வெளியேறினால் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்கே போகும், தொடையில் இருக்கும் கொழுப்புக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது.

எடை ஏன் திரும்ப வந்தது என்றால், மன உறுதி போதவில்லை என்று சொல்பவர்களை விடுங்கள். 1994-ல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்த லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரப்பது இதே செல்கள்தான். செல் சுருங்கினால் லெப்டின் குறையும், மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும், உடம்பு செலவழிக்கும் சக்தியைக் குறைக்கும். அப்படியானால் லெப்டினையே ஊசியாகப் போடலாமே என்றால், பருமனானவர்களுக்குப் போட்டதில் பெரும்பாலும் பலனில்லை, அவர்களிடம் அது ஏற்கெனவே நிறைய. லெப்டின் குறைவாக இருக்கும் லிப்போடிஸ்ட்ரோபிக்காரர்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. 2024-ல் சூரிச்சில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில், இளைத்த பிறகும் பழைய பருமனின் தடயம் கொழுப்பு செல்லின் உட்கருவில் தங்கியிருப்பது தெரிந்தது.

இதைக் கேட்டு இன்னும் சோர்ந்துவிடாதீர்கள். பாதிதான் திரும்ப வந்தது, மறு பாதி வரவில்லையே. உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு நன்றாக இறங்கும். அடுத்த முறை எடை மெஷினோடு நிறுத்தாமல் இடுப்புச் சுற்றளவு, ட்ரைகிளிசரைடு, வெறும் வயிற்றுச் சர்க்கரை மூன்றையும் பார்த்து, இளைப்பதற்கு முன் எடுத்த ரிப்போர்ட் இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள், பார்ப்போம்.