கண் விழித்திருக்கிறார், எங்களைத் தெரிகிறதா?

கேள்வி: நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம். என் கணவருக்கு 36 வயது. ஏழு மாதத்துக்கு முன் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டது. ஒப்பரேஷன், ஐ.சி.யு எல்லாம் முடிந்து இப்போது வீட்டில்தான் இருக்கிறார். கண் திறக்கிறார், கொட்டாவி விடுகிறார், தூங்கி எழும்புகிறார். சொன்னால் ஒன்றும் செய்வதில்லை. மூக்கில் டியூப் போட்டுத்தான் சாப்பாடு. 'வெஜிடேட்டிவ் நிலை, அவருக்கு ஒன்றும் தெரியாது' என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் மாமி வந்து கூப்பிட்டால் கண் அந்தப் பக்கம் போகிறது. மாமி மண்டூர் முருகனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறா. கட்டாரில் இருக்கும் என் அண்ணனோ 'மச்சான் படுற பாடு போதும், டியூப்பைக் கழற்றச் சொல்லு' என்கிறார். போன மாதம் நிமோனியா வந்து வோர்ட்டில் வைத்திருந்தோம். இன்னொரு முறை வந்தால் மூச்சு கொடுக்கும் மெஷினில் (வென்டிலேட்டர்) போடுவதா வேண்டாமா என்று யோசித்து வைக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்றால் அது நான் செய்த கொலை ஆகாதா?

பதில்: மகள், கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஆகாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது: அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாதா? யாராக இருந்தாலும் அதை அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடாது.

கோமாவில் கண் மூடியே இருக்கும். வெஜிடேட்டிவ் நிலையில் தூக்கமும் விழிப்பும் திரும்பி வரும், ஆனால் தன்னையும் சுற்றியிருப்பதையும் உணர்வதற்கு வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று முடிவு கட்ட முடியாது. பெல்ஜியத்தில் 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வெஜிடேட்டிவ் என்று டொக்டர்மார் ஒருமித்துச் சொன்ன 44 பேரை முறையான அளவுகோலால் திரும்பவும் பரிசோதித்தார்கள். அவர்களில் 18 பேருக்குக் கொஞ்சமாவது உணர்வு இருந்தது. அதற்கு முன்பே, 2006இல், இங்கிலாந்தில் விபத்துக்குப் பின் ஐந்து மாதம் அசைவில்லாமல் இருந்த 23 வயதுப் பெண்ணை ஸ்கேனில் வைத்து 'டெனிஸ் விளையாடுவதாக நினை' என்றார்கள். நல்ல சுகமான ஒருவரின் மூளை எப்படி வேலை செய்யுமோ அப்படியே அவளுடையதும் வேலை செய்தது. 2024இல் வந்த பெரிய ஆய்வில், கட்டளைக்கு எந்த அசைவும் காட்டாத 241 பேரில் 60 பேருடைய மூளை உள்ளுக்குள் அந்தக் கட்டளையைச் செய்துகொண்டிருந்தது. நாலில் ஒருவர்! அந்தச் சோதனையை இங்கே வழக்கமாகச் செய்வதில்லை. ஆனால் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை இருக்கின்றன.

மாமியின் குரலுக்குக் கண் போவது மட்டும் போதாது. சத்தம் வந்த பக்கம் திரும்புவது மூளைத்தண்டின் தன்னிச்சைச் செயலாகவும் இருக்கலாம். உள்ளங்கையில் விரல் வைத்தால் பிடிப்பதும், பல்லைக் கடிப்பதும், கண்ணீர் வருவதும் அப்படித்தான். அசைகிற ஒன்றைக் கண் விடாமல் பின்தொடர்ந்தால் அது வேறு கதை. காலையில் முகம் துடைத்துவிட்டு, தலைப்பக்கத்தை உயர்த்தி, டிவியை நிறுத்திவிட்டு, அவர் நன்றாக விழித்திருக்கும் நேரம் ஒரு கைக்கண்ணாடியை எடுங்கள். அவர் முகம் அவருக்கே தெரியும்படி ஒரு சாண் தூரத்தில் பிடித்து, இடம், வலம், மேல், கீழ் என்று மெதுவாக நகர்த்துங்கள். மற்ற எதையும் பின்தொடராத சிலர் தங்கள் முகத்தைப் பின்தொடர்வார்கள். அப்புறம், 'கண்ணை மூடுங்க' என்று ஒரே ஒரு விஷயம் சொல்லிப் பத்து வினாடி பொறுங்கள். அவசரப்படுத்தினால் பதில் வராது. இதைப் பல நாள், வெவ்வேறு நேரங்களில் செய்து போனில் வீடியோ எடுங்கள். ஒரு நாள் வரவில்லை என்றால் அதற்கு அர்த்தமில்லை. முறையான பரிசோதனையையே இரண்டு கிழமைக்குள் ஐந்து தரமாவது செய்ய வேண்டும் என்கிறார்கள்.

வீடியோவோடு நியூரோ கிளினிக்குக்குப் போங்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குக் காகிதம் எழுதித் தரச் சொல்லலாம். மூளைக்குள் நீர் கட்டியிருக்கிறதா, வெளியே தெரியாத வலிப்பு இருக்கிறதா, வலிப்புக்கும் தசை இறுக்கத்துக்கும் கொடுக்கும் மருந்துகள் அவரை மந்தமாக்குகின்றனவா என்று கேளுங்கள். இவற்றில் சிலவற்றைத் திருத்தலாம். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அடிபட்டு வந்த நிலைக்கும், இதயம் நின்று மூளைக்கு ஒக்சிஜன் போகாமல் வந்த நிலைக்கும் வித்தியாசம் உண்டு. அடிபட்டவருக்கு ஒரு வருடம் வரையாவது வாய்ப்பு இருப்பதாகவே கணக்கு. 2018இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர்கள் 'நிரந்தரம்' என்ற சொல்லையே கைவிட்டுவிட்டார்கள். ஆனாலும் ஒளிக்காமல் சொல்கிறேன்: உணர்வு திரும்பினாலும் பழைய மனிதராக எழும்பி நடப்பவர்கள் குறைவு. பலருக்கு வாழ்நாள் முழுதும் ஆள் துணை வேண்டியிருக்கும்.

சரி, மெஷின். உயிரை முடிக்க ஊசி போடுவது இலங்கையில் குற்றம், அதை எந்த டொக்டரும் செய்ய மாட்டார். பயனில்லாத ஒரு சிகிச்சையைத் தொடங்காமல் விடுவது அதுவல்ல. அப்போது உயிரை எடுப்பது நோய். இதற்கென்று தனிச் சட்டம் இங்கே இல்லாததால், கன்சல்டன்டும் குடும்பமும் உட்கார்ந்து பேசி, முடிவைக் கட்டில் டிக்கெட்டில் (வோர்ட்டில் அவருக்கென்று இருக்கும் குறிப்பேட்டில்) எழுதி வைப்பதே வழி. அந்தப் பேச்சில் கேட்க வேண்டியது, 'அவர் வாய் திறந்தால் என்ன சொல்வார்?' என்பது. யாராவது இப்படிப் படுக்கையில் கிடந்ததைப் பார்த்து அவர் என்ன சொன்னார், எதைச் சகிக்கவே மாட்டார் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

என் கருத்து இது. ஏழு மாதத்தில், கண் அசைவைச் சரியாகப் பார்க்காமல், டியூப்பைக் கழற்றும் பேச்சே எடுக்கக் கூடாது. நிமோனியா வந்தால் மருந்தும் ஒக்சிஜனும் கொடுக்கட்டும். பரிசோதனை முடிவதற்குள் மெஷின் தேவைப்பட்டால், 'இத்தனை நாள் பார்ப்போம், தேறாவிட்டால் நீட்டிக்க மாட்டோம்' என்று முன்கூட்டியே பேசிப் போடலாம். ஒரு வருடம் தாண்டி, திரும்பத் திரும்பப் பார்த்தும் ஒன்றும் இல்லை என்றால் மெஷின் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்போதும் வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மருந்து கொடுத்தே ஆக வேண்டும்.

அண்ணன் அன்பில்தான் சொல்கிறார். அவரை வீடியோ கோலில் எடுத்து, கண்ணாடி பிடிக்கும்போது காட்டுங்கள். மும்பையில் 42 வருடம் இப்படிக் கிடந்த அருணா ஷான்பாக் வழக்கில், 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் சிகிச்சையை நிறுத்தச் சம்மதிக்காததற்கு முக்கியக் காரணம், அவரை அதுவரை பராமரித்து வந்த ஆஸ்பத்திரி ஊழியர்கள் நிறுத்த வேண்டாம் என்றதுதான். உங்கள் வீட்டிலும் உடம்பு துடைத்துப் புரட்டிவிடுகிற இரண்டு பேர் சொல்வதற்குத்தான் முதல் மதிப்பு.

சாப்பாடு கொடுக்கும்போதும் கொடுத்து ஒரு மணி நேரம் வரையும் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்கட்டும், அடுத்த நிமோனியாவைத் தள்ளிப்போட அது உதவும். வாயையும் நாளுக்கு இரண்டு தரமாவது சுத்தம் செய்யுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டும் வேலையை மாமியோடு இரவு மாறி இரவு பங்கு போட்டுக்கொண்டு, உங்கள் முறை இல்லாத இரவு வேறு அறையில் போய்த் தூங்குங்கள்.